ஓசூர் வட்டாரமும் சிறார் உடல் இயக்கமும்

ஓசூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை உருவானது. தருமபுரியிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. இங்குள்ள சிற்றூர்ச் சிறார் பலருக்குப் பள்ளி செல்லும் வழியே உடற்பயிற்சி. தமிழக அரசு 2001–02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்குத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் பின்னர் மற்ற மாணவர்களுக்கும் விரிந்தது.

உலக சுகாதார அமைப்பின் ஆய்வாளர்கள் 2019இல் 146 நாடுகளின் 11–17 வயதினரை ஒப்பிட்டனர். நாள்தோறும் 60 நிமிட உடல் இயக்கம் இல்லாதோர் உலக அளவில் 81 விழுக்காடு. தென்கொரியாவில் 94, இந்தியாவில் 74, வங்கதேசத்தில் 66. வசதி மிகுந்த கொரியா பின்தங்கியது வியப்பே. இந்தியாவின் நிலையிலும் பெருமைப்பட அதிகமில்லை: சிறுவர்களுக்குக் கிரிக்கெட்டும் சிறுமியருக்கு வீட்டுவேலையும் காரணமாகலாம் என்று ஆய்வாளர்களே கருதினர். தேன்கனிக்கோட்டைப் பக்கம் குடம் சுமக்கும் சிறுமியும் ஓசூரில் பந்தாடும் சிறுவனும் இக்கணக்கில் ஒரே வரிசையில் வருகின்றனர்.