71 விழுக்காடு யாருடைய கணக்கு? பேராக் தோட்டத் தமிழரும் குற்றப் பதிவுகளின் இணைப்பும்

2013 ஆகஸ்டில் மலேசிய உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. கூடவே ஒரு கணக்கும் வந்தது: 40,000க்கும் மேற்பட்ட கும்பல் உறுப்பினர்களில் 71 விழுக்காட்டினர் இந்தியர். குடிமக்களில் ஏழு விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவாக உள்ள ஒரு சமூகத்தின்மீது அந்த எண் அழுத்தமாக ஒட்டிக்கொண்டது. 'உறுப்பினர்' என்று யாரைக் கொண்டார்கள்? கைதானவரையா, குற்றம் சாட்டப்பட்டவரையா, தண்டனை பெற்றவரையா, கோப்பில் பெயர் ஏறியவரையா? பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் ஒருமுறையும் ஈப்போவில் ஒருமுறையும் பிடிபட்டவர் அந்தக் கணக்கில் ஒருவரா, இருவரா? வெறும் விழுக்காட்டிலிருந்து இதற்கு விடை எடுக்க முடியாது.

அரசு இன்னும் அதிகமாக எண்ணவேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதமல்ல. எண்ணியதை ஆள்வாரியாக இணைக்கவேண்டும்; இணைத்ததை விசாரணை அதிகாரியின் கைக்கு எட்டாமல் வைக்கவேண்டும். இரண்டாவது இல்லாத முதலாவது நமக்கு வேண்டாம்.

இப்போதுள்ள நிலையில் போலீஸ் சம்பவத்தை எண்ணுகிறது, நீதிமன்றம் வழக்கை எண்ணுகிறது, சிறை கைதியை எண்ணுகிறது. 'குற்றக் குறியீடு' என்று ஆண்டுதோறும் பேசப்படுவது வன்முறை, சொத்துக் குற்றப் புகார்களின் தொகை. போதைப்பொருள் வழக்குகள் அதில் சேர்வதில்லை. குற்றத் தடுப்புச் சட்டத்தின்கீழ் விசாரணையின்றி இரண்டாண்டு அடைக்கப்படுபவர் நீதிமன்றப் புள்ளிவிவரத்தில் தென்படவே மாட்டார். அப்படியே விசாரணையின்றி அடைக்க இடம்தந்த அவசரகாலச் சட்டம் 2011இல் நீக்கப்பட்ட பிறகு விடுவிக்கப்பட்டவர்களே 2013இன் துப்பாக்கிச் சூடுகளுக்குக் காரணம் என்று அதிகாரத் தரப்பு சொன்னது. 2014இல் குற்றத் தடுப்புச் சட்டத்தைக் கடுமையாக்கிய திருத்தத்துக்கு அதுவே நியாயமாகவும் நின்றது. விடுவிக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் மீண்டும் குற்றம் சாட்டப்பட்டார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள்? தடுப்புக்காவல் பதிவையும் நீதிமன்றப் பதிவையும் தொழிலாளர் சேமநிதிப் பதிவையும் இணைத்துப் பார்த்திருந்தால் சொல்லியிருக்கலாம். பார்க்காமலே சட்டம் எழுதினார்கள்.

இது நடக்காத காரியமல்ல. இங்கிலாந்தின் நீதி அமைச்சு, 2019இல் தொடங்கிய திட்டத்தின்கீழ், நீதிமன்றம், சிறை, நன்னடத்தைக் கண்காணிப்பு ஆகியவற்றின் பதிவுகளை அடையாளம் நீக்கி இணைத்து ஆய்வாளர்களுக்குத் திறந்திருக்கிறது. நியூசிலாந்தில் கல்வி, வருமானம், சுகாதாரம், நீதி எல்லாம் புள்ளிவிவர நிறுவனத்தின் ஒரே கூரையின்கீழ் இணைகின்றன. ஆனால் அவர்களின் முறையை அப்படியே பேராக்கில் இறக்கினால் முதலில் தவறிவிழுபவர்கள் தோட்டத்து மக்கள்தாம்.

இணைப்பின் திறவுகோல் மலேசிய அடையாள அட்டையான மைகார்டின் பன்னிரண்டு இலக்க எண். பேராக்கில் பிறந்தவரின் எண்ணில் பிறந்த தேதியை அடுத்து 08 வரும். பிறப்பைப் பதியாமல் விட்ட குடும்பங்களும், நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அட்டையோடு வாழ்நாளைக் கழித்தவர்களும் தோட்டங்களில் இருந்தார்கள். 2011இல் ஆவணமற்ற இந்தியர்களுக்கென்றே அரசு தனிப் பதிவு இயக்கம் நடத்த வேண்டியிருந்தது. எண் இல்லாதபோது பெயரையும் முகவரியையும் வைத்து நிகழ்தகவுக் கணக்கில் பொருத்துவார்கள். அங்கேதான் சிக்கல் கனக்கிறது. ஒரு சுப்பிரமணியத்தை ரோமன் எழுத்தில் தோட்டக் கணக்கரான கிராணி ஒருவிதமாகவும் பள்ளி ஒருவிதமாகவும் போலீஸ் நிலையம் ஒருவிதமாகவும் எழுதின. தந்தை பெயர் குடும்பப் பெயராகத் தொடராததால் அண்ணன் தம்பியைத் தவிர வேறு உறவைப் பெயரால் பிடிப்பது கடினம். முகவரியோ இன்னும் மோசம்: ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது, லயங்கள் இடிந்தன, குடும்பங்கள் ஈப்போவின் புந்தோங்குக்கும் மலிவுவிலை அடுக்ககங்களுக்கும் பெயர்ந்தன. பழைய பதிவிலுள்ள தோட்டமும் பிரிவும் இன்றைய வரைபடத்தில் இல்லை.

விடுபட்ட பொருத்தம் ஒருவரைக் கணக்கிலிருந்து அழிக்கும். தவறான பொருத்தம் ஒருவரின் குற்றத்தை இன்னொருவர் தலையில் ஏற்றும். ஆகவே இனவாரிப் பிழைவீதத்தை வெளியிடாத எந்த இணைப்பும் ஆய்வுக்குத் தகுதியற்றது.

இணைப்பின் பெரிய பயன் வேறிடத்தில் இருக்கிறது என்பேன். 2000 முதல் 2004 வரை போலீஸ் காவலில் 80 பேர் இறந்ததாக போலீஸ் துறை பற்றிய 2005இன் அரச ஆணையம் பதிவுசெய்தது. இத்தகைய எண்ணுக்கு மூலம் பெரும்பாலும் காவல் துறையே. கைதுப் பதிவைத் தேசியப் பதிவுத் துறையின் இறப்புப் பதிவோடு இணைத்தால், விடுவித்த சில நாளில் மருத்துவமனையில் இறந்தவரும் கணக்கில் வருவார். காவல் துறையைக் கேட்காமலே காவல் மரணத்தை எண்ணலாம்.

அச்சமும் நியாயமானதே. 2024 ஜனவரியில் அரசு தொடங்கிய 'பாடு' என்ற மையத் தரவுத்தளத்தின் பாதுகாப்புக் குறைகள் முதல் சில நாள்களிலேயே வெளிப்பட்டன. 2010இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட்டரசையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தாது. 2025 ஏப்ரலில் நடப்புக்கு வந்த தரவுப் பகிர்வுச் சட்டம் கூட்டரசு முகவாண்மைகளுக்கு இடையிலான கதவைத் திறந்துவிட்டது. அந்தக் கதவு ஒருவழிக் கதவாக இருக்கவேண்டும். பதிவுகள் புள்ளிவிவரத் துறைக்குள் போகலாம், ஆள் அடையாளத்தோடு போலீசிடம் திரும்பக்கூடாது.

பேராக்கில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். மாநிலப் போலீஸ் தலைமையகமும் உயர் நீதிமன்றமும் ஈப்போவில் உள்ளன. தைப்பிங், பத்து காஜா, தாப்பா சிறைகள் மாநிலத்துக்குள்ளேயே இருக்கின்றன. கைது, குற்றச்சாட்டு, தீர்ப்பு, சிறை என ஒவ்வொரு படியிலும் எத்தனை ஆட்கள் என்று இனவாரியாக ஓர் அட்டவணை வரட்டும். அது வரும்வரை 71 விழுக்காட்டை ஆதாரமாகக் காட்டும் ஆய்வுக் கட்டுரைகளை ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பவேண்டும்.