பெயரும் பிறந்த ஊரும்

பழைய ரேடியோப் பெட்டிகளைச் சேர்த்து வைக்கும் அன்பர்கள், ஒரு வால்வைக் கையில் எடுத்தால் அதன்மேல் பெரிதாக அச்சிட்ட பெயரை நம்புவதில்லை. கண்ணாடியின் அடிப்பக்கம் மங்கலாகப் பொறித்த இரண்டு சிறு வரிகளைத்தான் தேடுவார்கள். காரணம் இருக்கிறது. மேலே 'முல்லார்ட்' என்று ஆங்கிலக் கம்பெனியின் பெயர் இருக்கும். அடியில், இரண்டாவது வரியின் தொடக்கத்தில் 'பி' என்ற எழுத்து இருந்தால் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் பிறந்தது என்று அர்த்தம். எழுத்துக்குப் பதில் சிறு முக்கோணம் இருந்தாலோ, தாய்க் கம்பெனியான பிலிப்ஸ் ஹாலந்தில் ஹீர்லன் நகரில் செய்தது. அடுத்து வரும் எண் வருஷத்தின் கடைசி இலக்கம். 8 என்றால் 1958 ஆகவும் இருக்கலாம்; 1968 ஆகவும் இருக்கலாம். முத்திரை உண்மைதான் சொல்கிறது. ஆனால் முழுவதையும் சொல்லிவிடுவதில்லை.

இந்த வித்தை ரேடியோவுக்கு மட்டும் உரியதன்று. இரண்டாயிரம் வருஷத்து மண்பாண்டங்களையும் இப்படித்தான் படிக்கிறார்கள். அதற்கு நல்ல சாட்சி, புதுச்சேரிக்குத் தெற்கே ஆற்றங்கரையில் இருக்கும் அரிக்கமேடு.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1937-ஆம் ஆண்டிலேயே ழூவோ துப்ரேய் அந்த மேட்டின் பழமையைக் கண்டுகொண்டார். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தார். பளபளக்கும் சிவப்புக் கிண்ணங்களின் ஓடுகள் கிடைத்தன. சிலவற்றின் உட்புறத்தில் லத்தீன் எழுத்தில் முத்திரை! ஒன்றில் 'இட்டா', மற்றொன்றில் 'காமுரி', அதாவது 'காமுரியுஸ் என்பவருடையது.' இத்தாலியின் அரெட்ஸோ நகரத்துக் குயவர் பட்டறைகள் இப்படித்தான் தங்கள் சரக்குக்குப் பெயரிட்டு வந்தன.

அந்தப் பட்டறைகளின் காலம் ஐரோப்பாவில் முன்பே தெரியும். ஆகவே, அதே மண்ணடுக்கில் கிடந்த நம் நாட்டுத் தட்டுகளுக்கும் காலம் கிடைத்தது. உள்ளே வட்ட வட்டமாகப் புள்ளிக்கோலம் இட்ட தட்டுகள் அவை. அதுவரை தென்னாட்டுப் பானை ஓடுகளுக்கு வயது சொல்லத் தக்க உறுதியான பிடி இல்லை. காமுரியுஸ் கொடுத்த பிடியைக் கொண்டு, 1947-இல் கர்நாடகத்துப் பிரம்மகிரிக்கும் வீலர் காலம் கணித்தார்.

இங்கேதான் வால்வு அன்பரின் எச்சரிக்கை வேண்டும். அரெட்ஸோக் குயவர்களில் சிலர் பீசாவிலும், இன்றைய பிரான்ஸின் லியோனிலும் கிளைகள் வைத்திருந்தார்கள். பெயர் ஒன்றாயினும் மண் வேறாக இருக்கும். அதோடு, கிண்ணத்தின் வயது கிண்ணத்துக்குத்தான், ஊருக்கு அல்ல. வீலர் அரிக்கமேட்டை ரோமானியர் வரவோடு எழுந்த வாணிபத் தலமாகக் கருதினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி நடத்திய அகழாய்வோ, இந்தக் கிண்ணங்கள் வந்து இறங்குவதற்கு முன்பே அங்கே மக்கள் வாழ்ந்தார்கள் என்று காட்டியது.

தமிழ் பிராமி எழுத்துக் கீறிய ஓடுகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. அவற்றில் உள்ள பெயர்கள் செய்தவருடையவை அல்ல, வைத்திருந்தவர்களுடையவை என்பது அறிஞர் கருத்து. கப்பலேறி வந்த பெயர் காலத்தைச் சொன்னது. கையால் கீறிய பெயர்களோ அந்த ஊரில் குடியிருந்தவர்களைச் சொல்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அரிக்கமேட்டின் வரலாறு நேராகும்.