அன்பைக் கட்டளையிட்ட சட்டம்

திருப்பூர் ரயில் நிலையத்தில் இறங்கி, பனியன் மூட்டைகள் ஏற்றிய வண்டிகளுக்கு இடையே ஒதுங்கி ஒதுங்கி நடந்து செல்கிறவர்கள், குமரன் சாலைக்கு அப்பெயர் வந்த காரணத்தை அறிவார்கள். 1932ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் தேதி, காந்தியடிகள் சிறைப்படுத்தப்பட்டதைக் கண்டித்து பி.எஸ். சுந்தரத்தின் தலைமையில் இவ்வூர்த் தெருவில் சென்ற சிறு ஊர்வலத்தின் மீது போலீசாரின் தடிகள் பாய்ந்தபோது, சென்னிமலை நெசவுக் குடும்பத்தில் பிறந்து, திருப்பூரில் பஞ்சு மில் ஒன்றில் கணக்கு எழுதிப் பிழைத்துவந்த குமரன் என்ற இளைஞர், மண்டை பிளந்து கீழே விழுந்த பின்னும் கையிலிருந்த கொடியை விடவில்லை. மறுநாள் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. வயது 27.

அந்தத் தடியடிக்குப் பின்னால் நின்றது போலீசாரின் கோபம் மாத்திரமன்று. மன்னனையும் அவனுடைய ஆட்சியையும் பிரஜைகள் எவ்வளவு தூரம் விமரிசிக்கலாம் என்பதற்கு எல்லை வகுத்த ஒரு சட்டப் பரம்பரையே நின்றது. 1860இல் நிறைவேறிய இந்திய தண்டனைச் சட்டத்தில் ராஜத்துவேஷக் குற்றம் இடம்பெறவில்லை. மெக்காலே 1837இல் தயாரித்த நகலில் இருந்து, பின்பு விடுபட்டுப் போன அப்பிரிவை, 1870இல் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் 124-அ என்ற எண்ணிட்டுச் சேர்த்தார். 1897இல் திலகரை விசாரித்த நீதிபதி ஸ்ட்ரேச்சி, சர்க்காரிடம் அன்பில்லாமையே துவேஷம் என்று ஜூரிகளுக்குப் பொருள் விளக்கினார். மறு வருஷம் பிரிவு திருத்தப்பட்டபோது, சர்க்காரோடு சக்கரவர்த்தினியும் அதில் இடம்பெற்றார். வெறுப்பு, அவமதிப்பு, விசுவாசமின்மை, சகல விதமான விரோத உணர்ச்சி ஆகிய அனைத்தும் குற்றத்துக்குள் அடங்கின. சர்க்காரின் செயல்களைக் கண்டிக்கலாம், ஆனால் அக்கண்டனம் வெறுப்பை மூட்டக் கூடாது என்று விளக்கவுரை சொல்லிற்று. கண்டனம் எங்கே முடிந்து வெறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதை அளக்கும் கோலோ, கண்டிக்கப்பட்ட சர்க்காரே நியமித்த நீதிபதியின் கையில் இருந்தது. உள்ளத்தில் தானாக ஊற வேண்டிய அன்பைத் தண்டனையால் வரவழைக்க முயன்ற இந்த ஏற்பாடு, அநீதி என்ற ஒரு சொல்லுக்கே உரியது.

அதன் கடுமையைக் கொங்குநாடு கண்ணாரக் கண்டது. 1908 ஜூலையில் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே, வ.உ. சிதம்பரம் பிள்ளைக்கு ராஜத்துவேஷத்துக்காக ஓர் ஆயுள் தண்டனையும், சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக அவருக்கே மற்றோர் ஆயுள் தண்டனையும் விதித்தார். மேல் முறையீட்டில் தண்டனை குறைந்ததாயினும், அதன் பெரும் பகுதியை அவர் கழித்தது கோயமுத்தூர் மத்திய சிறையில்தான். கப்பல் கம்பெனி நடத்திய அந்தக் கைகள் அங்கே மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்தன. அந்தக் கல் செக்கு பிற்காலத்தில் கிண்டி காந்தி மண்டபத்தில் வைக்கப்பட்டது. அதன் அருகில் நின்று, அக்கல்லின் கனத்தை ஒரு கணம் மனத்தில் வாங்கிப் பாருங்கள். பேச்சுக்கு அக்காலத்தில் என்ன விலை இருந்தது என்பது நூறு பக்கம் படித்தாலும் அவ்வளவு விளங்காது.

திருப்பூரும் ஈரோடும் ஒரே கோவை ஜில்லாவில் அடங்கியிருந்த காலத்தில், ஈரோட்டிலிருந்து 1925 மே 2ஆம் தேதி ஒரு வாரப் பத்திரிகை புறப்பட்டது. முடியரசின் கீழ் இருந்துகொண்டே 'குடி அரசு' என்று பெயர் சூடிய துணிவை எண்ணி எண்ணி வியக்கலாம். ஈ.வெ. ராமசாமி 1933 அக்டோபர் 29ஆம் தேதி இதழில் எழுதிய தலையங்கம், இன்றைய ஆட்சி ஏன் ஒழிய வேண்டும் என்று கேட்டது. அதற்காக ஆசிரியராகிய அவரையும், வெளியிடுபவராகிய அவருடைய தங்கை கண்ணம்மாளையும் டிசம்பரில் கைது செய்து, கோயமுத்தூரில் 124-அ பிரிவின்படி விசாரித்து, 1934 ஜனவரியில் இருவருக்குமே சிறையும் அபராதமும் விதித்தார்கள். தலையங்கத்தை எழுதியவர் அண்ணன். ஆயினும் பத்திரிகையை வெளியிடுபவர் என்று பதிவேட்டில் இருந்த பெயருக்காகத் தங்கையும் சிறை சென்றார். இந்த அம்மையாரைப் பற்றி நம் சரித்திர நூல்கள் இரண்டொரு வரியோடு நிறுத்திக்கொள்வது எனக்கு எப்போதும் மனக்குறைதான். 'குடி அரசு' நின்றபோது 'புரட்சி' வெளிவந்தது. அதுவும் நின்றபோது 'பகுத்தறிவு' வந்தது. பெயர் மாறிற்றேயன்றிப் பேச்சு மாறவில்லை.

ஆங்கிலேய மன்னருக்கு மாத்திரமே இந்தக் கவசம் என்று நினைத்துவிடக் கூடாது. கோவை ஜில்லாவுக்கு வடக்கே மைசூரும் மேற்கே கொச்சியும் சமஸ்தானங்களாக இருந்தன. மற்றொரு சமஸ்தானமாகிய திருவிதாங்கூரில் திவானைக் கண்டித்து எழுதிய 'சுதேசாபிமானி' ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையை 1910 செப்டம்பரில் அச்சுக்கூடத்தைப் பறித்து நாடு கடத்தினார்கள். அவர் கொண்டுவந்து விடப்பட்டது நம் திருநெல்வேலியில். பிரிட்டிஷ் இந்தியாவிலுள்ள பத்திரிகைகள் சுதேச மன்னர்கள்மீது வெறுப்பை மூட்டினால் ஐந்தாண்டு வரை சிறை என்று 1922இல் தனிச் சட்டமே வந்தது. மத்திய சட்டசபை அதை ஏற்க மறுத்தும், வைஸ்ராய் ரீடிங் தம் சான்றதிகாரத்தால் அதை நிறைவேற்றினார். ஜனப் பிரதிநிதிகள் வேண்டாமென்றதை மன்னர்களின் மானத்துக்காகச் செய்து முடித்த இச்சம்பவத்தை, பத்திரிகைச் சுதந்திரத்தின் சரித்திரம் எழுதுவோர் பலர் கடந்து போய்விடுகிறார்கள்.

1950இல் நாடு குடியரசாயிற்று. பிரிவிலிருந்து மகாராணியின் பெயர் அகன்றது. ஆனால் பிரிவு அகலவில்லை. 1962இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், வன்முறைக்கோ பொது ஒழுங்கின் குலைவுக்கோ தூண்டும் பேச்சுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று சுருக்கியது. 2022 மே 11ஆம் தேதி அதன்படி வழக்குத் தொடர்வதை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1ஆம் தேதி பழைய தண்டனைச் சட்டம் போய்ப் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது, ராஜத்துவேஷப் பிரிவு மறைந்து, தேசத்தின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஆபத்து விளைவிக்கும் செயல்களைத் தண்டிக்கும் 152ஆம் பிரிவு நின்றது. அதன் சொற்கள் எவ்வளவு அகலமானவை என்பதைப் படிக்கிறவர்கள் கவனித்துப் படிக்க வேண்டும்.

திருப்பூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குமரனின் கொடியைச் சொல்லிக் கொடுக்கிறோம். அதோடு கோவைச் சிறையின் செக்கையும், கண்ணம்மாளின் வழக்கையும் சொல்லிக் கொடுங்கள் என்று ஆசிரியப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறேன். மூன்றும் ஒரே ஜில்லாவில், ஏறத்தாழக் கால் நூற்றாண்டு வட்டத்துக்குள் நடந்தவை.