மைதானத்தின் பெயர்

விளையாட்டு மைதானத்தின் பெயரை விலைக்கு வாங்கலாம் என்று எங்கள் இளமையில் யாரேனும் கூறியிருப்பின் நகைத்திருப்போம். இன்று அது உலகெங்கும் நடைபெறும் வணிகம். கம்பனி பணம் செலுத்தும். மைதானம் அதன் பெயரைச் சுமக்கும். தவணை தீர்ந்ததும் வேறொரு பெயர் வந்தமரும்.

1845 முதல் கிரிக்கெட் ஆடப்படும் இலண்டன் ஓவல் மைதானத்தின் பெயருக்கு முன்னே, 1980களின் இறுதியில் ஒரு பியர்க் கம்பனியின் பெயர் ஒட்டிக்கொண்டது. 2011இல் மோட்டார் வண்டிக் கம்பனியொன்று வந்தது. ஆயினும் ‘ஓவல்’ என்ற சொல்லை நீக்க எவரும் துணியவில்லை.

அவ்வோவலின் பெயரைத் தாங்கி நின்றதே தமிழ் யூனியன் கழகத்தின் கொழும்பு ஓவல். 1948இல் பிராட்மனின் அணி அங்கு ஆடியது. (ஆடுகளம் 22 யாருக்குப் பதிலாக 20 யாராக இருந்தது தனிக்கதை!) பின்னர் கிரிக்கெட் வளர்ச்சிக்கு உழைத்த பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1982 பெப்ரவரியில் இலங்கையின் முதல் டெஸ்ட் போட்டி நடந்ததும் அங்கேதான். நன்றியினால் இடப்பட்ட அப்பெயரை இரசிகர் ‘சரா’ எனச் செல்லமாகச் சுருக்கிக் கொண்டனர்.

நிலக்கரியாலும் கப்பற்றொழிலாலும் வளர்ந்த ஆங்கில நகரம் நியூகாசில். அதன் உதைபந்தாட்டக் கழகம் 1892 முதல் ஆடிவரும் இடம் சென் ஜேம்ஸ் பார்க். 2011 நவம்பரில் கழக உரிமையாளர் தமது விளையாட்டுப் பொருட் கம்பனியின் பெயரை அதற்கு இட்டார். இரசிகர் கொதித்தெழுந்தனர். பாட்டனார் கைப்பிடித்து அழைத்துச் சென்ற இடத்தின் பெயரல்லவா அது! 2012 அக்டோபரில் கடன் கொடுக்கும் கம்பனியொன்று பெயருரிமையை வாங்கிப் பழைய பெயரையே மீட்டளித்தது. அதனினும் சிறந்த விளம்பரம் இல்லையெனக் கணக்கிட்டனர் போலும்.

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் வாழும் நமக்கு இது புதிதன்று. வெள்ளைத்துரைமார் காலக் கம்பனிகள் போயின. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் நிருவாகம் 22 கம்பனிகளிடம் சென்றது. ஒவ்வொரு முறையும் பெயர்ப்பலகை மாறியது. லயங்களிலோ, கொழுந்து பறித்தோரும் பால் வெட்டியோரும் தாமே இட்ட தமிழ்ப் பெயர்கள் பல தலைமுறைகளாக வழங்கி வருகின்றன. பதிவேடுகளில் அவற்றைக் காண்பதரிது.

சில ஆண்டுகளுக்கு முன், தோட்டங்களுக்கிடையிலான உதைபந்தாட்டப் போட்டிக்குச் சான்றிதழ் எழுதும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. வென்ற அணிக்குப் பதிவேட்டுப் பெயரையே எழுதினேன். அணித்தலைவன் அதை வாங்கிப் பார்த்துத் தயங்கி நின்றான்.

“சேர், எங்கட தோட்டத்துப் பேரைப் போட்டுத் தாங்களேன்.”

வேறொரு தாளை எடுத்தேன்.