கப்பலில் வந்த பூவும் கரையில் நின்ற மரமும்

மலர்க் குழு நண்பர்கள், "தாவரவியல் படிச்சவன் நீதானே, மலருக்கு மலரைப் பத்தியே எழுது" என்று சொல்லிவிட்டார்கள். கூடவே ஒரு வேலையும் தந்தார்கள். இந்த ஆண்டு கூடலுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் வீட்டில் நட ஒரு கன்று தருவதாகத் திட்டமாம். முதல் பட்டியலில் மயில்கொன்றை, குரோட்டன்ஸ், காகிதப்பூ இருக்கின்றன. சரிதானா என்று நான் பார்க்க வேண்டும். நம் பழைய மாணவர்களில் பலர் ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கடலோரம் குடியிருப்பவர்கள். நானோ முகத்துவாரக்குப்பத்துக்காரன். கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் அந்த மணலில் நின்றுதான் என்னால் பதில் சொல்ல முடியும்.

நம் வாசலில் அழகுக்காக வைத்திருக்கும் செடிகளில் பாதி கப்பலேறி வந்தவை. கப்பலலரி என்ற பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. அதன் சொந்த ஊர் அமெரிக்காவின் வெப்பப் பகுதி. மயில்கொன்றை மடகாஸ்கர் தீவுக்காரி. ஐரோப்பியத் தாவரவியலார் கண்ணில் அது பட்டதே 1820களில்தான். காகிதப்பூவின் கதை இன்னும் சுவாரசியம். 1767-ல் பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கப்பல் தலைவரின் உலகப் பயணத்தின்போது, பிரேசிலில் கொம்மர்சோன் என்ற தாவரவியலார் அதைச் சேகரித்தார். அவருடைய உதவியாளராக ஆண் வேடத்தில் கப்பலேறிய ழான் பாரே என்ற பெண்மணியும் உடன் இருந்தார். அலைந்து திரிந்தவர்கள் இவர்கள். பூவுக்குப் பெயர் கிடைத்ததோ கேப்டனுக்கு. எல்லா ஆபீசிலும் நடப்பதுதானே!

சென்னையிலும் இந்த வேலை ஆர்வமாக நடந்தது. ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கும்பினி மருத்துவர் 1780களின் இறுதியில் சைதாப்பேட்டைப் பக்கம் கள்ளித் தோட்டமே போட்டார். கள்ளியில் பூச்சி வளர்த்துச் சிவப்புச் சாயம் எடுக்க ஆசை. 1835-ல், ராபர்ட் வைட் முன்னின்று, வேளாண்-தோட்டக்கலைச் சங்கம் தொடங்கியது. கதீட்ரல் சாலையில் நாமெல்லாம் காரில் உட்கார்ந்து தோசை தின்ற டிரைவ்-இன் ஓட்டல் அச்சங்கத்தின் இடத்தில்தான் இருந்தது. 2010 முதல் அங்கே செம்மொழிப் பூங்கா.

வடசென்னைக்கு வந்த பெரிய விருந்தாளி சவுக்கு. 1856-ல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கியதும் எஞ்சினுக்கு விறகு வேண்டியிருந்தது. 1860களில் கடற்கரை மணலெங்கும் சவுக்குத் தோப்பு எழுந்தது. சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே 1806-ல் வெட்டிய கால்வாய் (பிற்பாடு பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்றது) உப்பும் விறகும் ஏற்றிய படகுகளுக்கு வழி. கடற்கரையைப் படம் வரையச் சொன்னால் நம் பிள்ளைகள் சவுக்கைத்தான் வரைகிறார்கள். அதற்கு முன்னே இங்கே என்ன நின்றது?

திருவொற்றியூர் கோயிலுக்குப் போனால் பதில் கிடைக்கும். அங்கே தலமரம் மகிழம். சங்கிலியாரை மணக்கும் சுந்தரர், "உன்னைப் பிரியேன்" என்று சத்தியம் செய்ய வேண்டும். சன்னதியில் சொன்னால் மீற முடியாதே என்று, சாமியைக் கொஞ்ச நேரம் மகிழமரத்துக்குப் போய் இருக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். சாமியோ சங்கிலியார் பக்கம் சேர்ந்துவிட்டார்; சத்தியம் மகிழடியிலேயே நடந்தது. பிறகு வாக்கை மீறிக் கண்ணிழந்த கதை பெரியபுராணத்தில் இருக்கிறது. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை இன்றும் உண்டு. மயிலாப்பூர்க் கோயிலின் தலமரம் புன்னை. இரண்டுமே கடலோர ஊர், இரண்டுமே தடித்த, பளபளப்பான இலை உள்ள மரம். உப்புக்காற்று அடித்தாலும் அந்த இலை சட்டென்று கருகாது. நம் முன்னோர் பக்திக்காக மட்டும் மரம் பார்த்தார்கள் என்று நான் நினைக்கவில்லை.

எங்கள் குப்பத்தில் மூன்றாவது ஆள் பூவரசு. காலையில் மஞ்சளாகப் பூத்து, மாலைக்குள் சிவந்து வாடும். அதன் காய் கடலில் மிதந்துபோய் வேறு கரையில் முளைக்கும். எதிர்வீட்டு ஆயா சொல்லும்: "அதுக்கு இன்னாத்துக்குப்பா கப்பலு? அதுவே நீஞ்சி வரும்."

இனி பட்டியலுக்கு வருகிறேன். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் வீசியபோது மயில்கொன்றையும் தூங்குமூஞ்சியும் சாலை சாலையாகச் சாய்ந்து கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். மயில்கொன்றைக்கு வேர் மேலாக ஓடும், கிளை முறியும். ஓட்டு வீட்டுப் பக்கத்தில் அதை வைப்பது ஆபத்து. 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழைவெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகம் முழுக்கக் கறுத்தது. முகத்துவாரக்குப்பமும் அதில் மாட்டியது. வீட்டுச் சுவரில் கறுப்புக் கோடு, செடியின் இலையெல்லாம் தார் பூசினாற்போல். இந்த இடத்தில் மறுபடி நடுவதற்குத்தான் கன்று கேட்கிறோம் என்பதை மலர்க் குழு மறக்கக் கூடாது.

அதற்காக வெளிநாட்டுச் செடியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். துறைமுகத்து ஊர்க்காரன் அப்படிப் பேசினால் சிரிப்பார்கள். மடகாஸ்கரிலிருந்து வந்த நித்தியகல்யாணி வெறும் மணலிலும் வருஷம் பூராவும் பூக்கிறது. சுடுகாட்டு மல்லி என்று சிலர் வீட்டில் வைப்பதில்லை. அதிலிருந்து பிரித்த மருந்துகள் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளைப் பிழைக்க வைக்கின்றன என்று தெரிந்தால் வைப்பார்கள். காகிதப்பூவும் இருக்கட்டும், உப்பும் வெயிலும் அதற்குப் பொருட்டில்லை. பட்டியலில் இல்லாத அரளியும் நன்றாக வரும். ஆனால் முழுச்செடியும் விஷம், ஆடும் குழந்தையும் உள்ள வீட்டில் வேண்டாம். குரோட்டன்ஸை நிழலும் நல்ல தண்ணீரும் உள்ளவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

மயில்கொன்றையை மட்டும் எடுத்துவிட்டு மகிழம், புன்னை, பூவரசு சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். சின்ன மனைக்கு மகிழம். மெதுவாகத்தான் வளரும், பொறுமை வேண்டும். உதிர்ந்த பூ காய்ந்த பிறகும் மணக்கும். புன்னை அகலமாகப் படரும், ஆகவே தெரு முனைக்கோ பள்ளி மைதானத்துக்கோ கொடுங்கள். கொட்டையின் ஓட்டை லேசாக உடைத்து ஊன்றினால் சீக்கிரம் முளைக்கும். எங்கள் பக்கத்து மணலில் நடுகிறவர்கள் குழியை இரண்டடி ஆழம் எடுத்து, செம்மண்ணும் மக்கிய சாணமும் கலந்து நிரப்புங்கள். போர் தண்ணீர் உப்பு. முதல் கோடைக்கு அரிசி கழுவிய தண்ணீரையாவது சேர்த்து ஊற்றுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் நட்டால் பாதி வேலை மிச்சம்.

பூவரசுக்குக் கன்றே வேண்டாம், போத்து போதும். எங்கள் தெரு மரத்திலிருந்து வெட்டித் தர நான் தயார். கூடலுக்கு வரும்போது ஆளுக்கொரு ஈரச் சாக்கு கொண்டு வாருங்கள்.