தந்தையும் விடுப்பு விதியும்

புறநானூற்றின் 188ஆம் பாடலைப் பாடிய பாண்டியன் அறிவுடைநம்பி ஓர் அரசன். எனினும் அப்பாட்டில் நாம் காண்பது அரியணையை அன்று. உண்கலத்தில் கையிட்டுச் சோற்றை இறைக்கும் குழந்தையின் அருகே அமர்ந்து மகிழும் ஒரு தந்தையையே காண்கின்றோம். தந்தை குழந்தையின் அருகிருத்தல் தமிழுக்குப் புதிதன்று. ஆயின் அதற்கென நாள் ஒதுக்கித் தர வேண்டும் என்னும் எண்ணம் சட்டத்திற்கு மிகவும் பிந்தியே தோன்றியது.

தாய்க்குரிய பேறுகாலச் சட்டம் பம்பாய் மாகாணத்தில் 1929இலும், சென்னை மாகாணத்தில் 1934இலும் இயற்றப்பட்டது. விடுதலைக்குப்பின் 1961இல் நாடு முழுமைக்குமான மகப்பேற்று நலச் சட்டம் வந்தது. இவை யாவும் ஆலைகளிலும் தோட்டங்களிலும் உழைத்த பெண்களின் உடல்நலத்தைக் கருதி எழுந்தவை, அந்நோக்கம் போற்றற்குரியதே. இவற்றில் தந்தை இடம்பெறவில்லை. அவன் கூலி ஈட்டுவோன், அவ்வளவே.

இக்கருத்தை முதலில் மாற்றியமைத்த நாடு சுவீடன் எனலாம். 1974இல் அந்நாடு தாய்க்கு மட்டும் உரியதாக இருந்த விடுப்பைப் பெற்றோர் இருவர்க்கும் பொதுவாக்கியது. பளுதூக்கும் வீரர் லென்னார்ட் டால்கிரென் கைக்குழந்தையை ஏந்தி நிற்கும் சுவரொட்டி ஒன்றை அரசே வெளியிட்டு ஆண்களை அழைத்தது. ஆயினும் பயன் குறைவே. முதலாண்டில் எடுக்கப்பட்ட விடுப்பு நாள்களில் தந்தையர் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. இருவர்க்கும் பொதுவென வைத்ததை வீட்டு வழக்கம் தாய்க்கே திருப்பிக் கொடுத்துவிட்டது.

நார்வே 1993இல் வேறு வழி கண்டது. 4 வாரங்களைத் தந்தைக்கெனத் தனியே ஒதுக்கி, அவன் எடுக்காவிடில் அவை அக்குடும்பத்திற்கே இல்லை என்று விதித்தது. அதற்குமுன் நூற்றுக்கு நால்வர்கூட விடுப்பெடுக்காத நாட்டில், சில ஆண்டுகளுக்குள் தகுதியுடைய தந்தையருள் பெரும்பாலோர் விடுப்பெடுத்தனர். சுவீடனும் இதனைப் பின்பற்றி 1995இல் ஒரு மாதம், 2002இல் இரு மாதம், 2016இல் மூன்று மாதம் எனத் தந்தைக்குரிய பங்கை உயர்த்தியது. ஆண்கள் மனம் ஒரே இரவில் மாறிவிட்டது என்று நாம் கருதவில்லை. கேட்பதற்குக் கூசியவனுக்கு விதி ஒரு சாக்கைக் கொடுத்தது என்பதே நம் கணிப்பு.

நம் நாட்டுக்கு வருவோம். ஐந்தாவது ஊதியக்குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, 1997 அக்டோபரில் மத்திய அரசின் ஆண் ஊழியர்க்கு 15 நாள் தந்தைமை விடுப்பு வழங்கப்பட்டது. அதுவே பின்னர் 1972ஆம் ஆண்டு விடுப்பு விதிகளில் 43-அ ஆக இடம்பெற்றது. உயிருடன் இரண்டுக்குக் குறைவான குழந்தைகளை உடையவர்க்கே இது உரியது. பேற்றுக்குமுன் 15 நாளுக்குள்ளோ பின் 6 மாதத்திற்குள்ளோ எடுத்தல் வேண்டும். முழுச்சம்பளம் உண்டு, விடுப்புக் கணக்கில் கழிக்கப்படாது, எடுக்காவிடில் காலாவதியாகும். சாதாரணமாக இதனை மறுத்தலாகாது என்றும் விதி கூறுகின்றது. ஈட்டிய விடுப்பை 300 நாள்வரை சேர்த்து வைத்து ஓய்வின்போது பணமாக்கிக் கொள்ளும் நம்மனோர்க்கு, சேர்த்துவைக்க முடியாத விடுப்பு என்பது நன்மையே. நார்வேயின் சூக்குமம் இங்கும் சிறிது உண்டு.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். தில்லி போன்ற தொலைநகர்களில் பணிபுரியும் தமிழ்க் குடும்பத்தில் மனைவி ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ ஊருக்குச் சென்றுவிடுகின்றாள். சென்னை செல்லவே இரு இரவுகள் இரயிலில் கழியும். தென்மாவட்டமாயின் மேலும் ஓர் இரவு. போக்குவரத்து நீங்கலாக எஞ்சும் நாள்களில் பெயர்சூட்டலும் உறவினர் வருகையும் முடிந்துவிடும். குழந்தையைக் குளிப்பாட்டவும் இரவில் விழித்திருந்து தோளிலிட்டு உறங்கவைக்கவும் தந்தை கற்றுக்கொள்வதற்குள் திரும்பும் நாள் வந்துவிடுகின்றது. அங்கே பாட்டியும் அத்தையும் இருக்கின்றனர் என்பர் சிலர். இருக்கின்றனர்தாம்; மூன்றாம் மாதம் தில்லி திரும்பியபின் அவர்கள் இல்லை.

தாய்க்குரிய விடுப்பு 90 நாளிலிருந்து 1997இல் 135 ஆகவும் 2008இல் 180 ஆகவும் உயர்ந்தது. அவ்வாண்டே பெண் ஊழியர்க்கு 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் வந்தது. தந்தையின் 15 மட்டும் 15ஆகவே நின்றது. மனைவியை இழந்து சிறுகுழந்தையுடன் நின்ற ஆண் ஊழியர்க்கும் அந்த 730 நாள் பத்தாண்டுக்காலம் கிட்டவில்லை. 2018 டிசம்பரில்தான் திருமணமாகாதவர், மனைவியை இழந்தவர், மணமுறிவு பெற்றவர் ஆகிய தனித்த தந்தையர்க்கும் அது விரிக்கப்பட்டது. இதனை நாம் பெரிய திருத்தம் என்றே மதிக்கின்றோம். ஆனால் மனைவி உயிருடன் இருக்கும்வரை தந்தை பராமரிப்பவன் அல்லன் என்னும் கருத்து அவ்விதிக்குள் இன்னும் ஒளிந்திருக்கின்றது.

தனியார் துறையின் நிலை இன்னும் மெலிந்தது. 1961ஆம் ஆண்டுச் சட்டம் 2017இல் திருத்தப்பெற்று, தாய்க்கு 26 வாரம் ஆயிற்று. 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும், நாளொன்றுக்கு நான்குமுறை அங்குச் சென்றுவரப் பெண்ணுக்கு இசைவு தரவேண்டும் என்றும் அது விதித்தது. தந்தை சென்று பார்ப்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதே ஆண்டில் ராஜீவ் சாதவ் மக்களவையில் தந்தைமை நல மசோதா ஒன்றைத் தனி உறுப்பினராகக் கொணர்ந்தார், அது சட்டமாகவில்லை. 2020இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அந்த நான்குமுறையைப் பெண்ணுக்கே வைத்தது.