சாவை மறிக்கும் பாட்டு

ஊரில் ஓர் இளைஞன் தன்னுயிரை மாய்த்துக்கொண்டான் எனக் கேட்டதும் கவிஞர்தம் கை இரங்கற்பா எழுத விரைகின்றது. அப்பாவில் சாவு விடுதலையாகிவிடுகின்றது, அழகும் பெற்றுவிடுகின்றது. அதே துயரில் உழலும் இன்னொருவன் அதைக் கேட்டால் என்னாவான்?

தமிழில் இருவகை மரபும் உண்டு. வடக்கிருந்து உயிர்துறந்த கோப்பெருஞ்சோழனைப் போற்றும் பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. அதே தொகையின் 194-ஆம் பாடலோ வேறொன்று சொல்கின்றது. ஒரு வீட்டில் சாப்பறை, மற்றொரு வீட்டில் மணமுழவு. உலகம் கொடியதுதான் என்பதை ஒப்புக்கொள்ளும் பக்குடுக்கை நன்கணியார், அதன் இயல்பறிந்தோர் இனியவற்றைக் காண்க என்று முடிக்கின்றார். துயரை மறைக்காத ஆறுதல் அது.

அம்மரபின் வழித்தோன்றலே 1962-இல் வெளிவந்த 'சுமைதாங்கி' படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய 'மயக்கமா கலக்கமா' எனலாம். வாய்ப்பின்றித் தளர்ந்து, சென்னையை விட்டே போய்விட முடிவுசெய்திருந்தார் கவிஞர் வாலி. அவரைக் காண வந்த பி.பி. ஸ்ரீநிவாஸ், தாம் பாடிய அப்பாடலைப் பாடிக்காட்டினார். வாலி பயணத்தைக் கைவிட்டார். அவர் எடுத்திருந்தது சாகும் முடிவன்று. நம்பிக்கை அற்றுப்போன முடிவு. அதை மாற்றியது அப்பாட்டே என அவரே பின்னாளில் நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

மேலைநாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. 1791-இல் வியன்னாவில் அரங்கேறிய மோட்சார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' இசைநாடகத்தில், காதலியை இழந்ததாகக் கருதிச் சாகத் துணிகின்றான் பறவை பிடிப்போனாகிய பாப்பகேனோ. மூன்று சிறுவர் வந்து தடுத்து, அவனிடமே உள்ள மாயமணிகளை நினைவூட்டுகின்றனர். நெருக்கடியைக் கடந்தோர் கதை பிறரையும் காக்கும் தன்மைக்கு 2010-இல் வியன்னா ஆய்வாளர்கள் அவன் பெயரையே சூட்டினர்.

2017-இல் அமெரிக்கப் பாடகர் லாஜிக், தற்கொலைத் தடுப்பு உதவி மையத்தின் தொலைபேசி எண்ணையே தலைப்பாக்கிப் பாடினார். சாக விரும்பும் குரலில் தொடங்கி, ஆறுதல் கூறும் குரலைக் கேட்டு, வாழ விரும்பும் குரலில் முடியும் பாட்டு அது. அது பெரிதும் பேசப்பட்ட 34 நாள்களில் அம்மையத்துக்கு வந்த அழைப்புகள் ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுந்தன என்றும், தற்கொலைகள் எதிர்பார்த்ததினும் 245 அளவில் குறைந்தன என்றும் 2021-இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

இம்மூன்று பாட்டும் நாடகமும் உணர்த்துவது ஒன்றே. துயரை இல்லையென்று சொல்லும் பாட்டு யாரையும் காப்பதில்லை. துயரைப் பாடி அதிலேயே நின்றுவிடும் பாட்டும் காப்பதில்லை. துயரிலிருந்து வெளியேறும் வழியைக் காட்டும் பாட்டே காக்கின்றது.

சென்னையில் 1986 முதல் 'சிநேகா' அமைப்பு, கலங்கி வருவோர்க்குச் செவிகொடுத்து வருகின்றது. 2022 முதல் நாடு முழுமைக்கும் 14416 என்னும் மனநல உதவி எண்ணும் உள்ளது. அவ்வெண்ணை மக்கள் நாவில் ஏற்றும் பாட்டொன்றை நம் செட்டியார்பட்டிக் கவிஞர் ஒருவர் எழுதட்டும். பத்தாண்டு கண்ட நம் வட்டத்துக்கு அதனினும் சிறந்த பரிசில் வேறில்லை.